முகமூடியும் முதல் பக்கமும்

வாசகர் கேள்வி – பதில்

மார்வெல், டிசி ஆகிய இரண்டு அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களின் கதையுலகங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். ஒரே ஊரையும் ஒரே மக்களையும் வைத்துக்கொண்டு, பல கதாசிரியர்கள் பல பத்தாண்டுகளாக மாறி மாறி எழுதிவரும் பொது உலகங்கள் அவை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாயகர்களை விட்டுவிட்டு, அவர்களை அண்ணாந்து பார்க்கும் ஜனங்களைப் பற்றியும், அவர்களைப் பற்றி எழுதும் பத்திரிகைகளைப் பற்றியுமே கேட்டிருக்கின்றன. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

எஸ். மு., திண்டுக்கல்: ஸ்பைடர்மேன் எத்தனை முறை ஊரைக் காப்பாற்றினாலும் 'டெய்லி பியூகிள்' ஜேமிசன் திட்டித் தீர்க்கிறாரே, அவருக்கு அப்படி என்ன பகை?

பகைக்கு வயது அதிகம். 1962 ஆகஸ்டில் அறிமுகமான ஸ்பைடர்மேனுக்குத் தனி இதழ் கிடைத்தது 1963 மார்ச்சில். 'டெய்லி பியூகிள்' பத்திரிகையின் முதலாளியான ஜோனா ஜேமிசன் அந்த முதல் இதழிலேயே வந்துவிடுகிறார். அப்போது ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் முகமூடியோடு மேடையேறி வித்தை காட்டிப் பிழைக்கப் பார்க்கும் பையன். சம்பளமாகக் கிடைத்த காசோலை 'ஸ்பைடர்மேன்' என்ற பெயரில் எழுதப்பட்டிருப்பதால், அடையாளச் சான்று இல்லாமல் வங்கி அதை மாற்றித் தர மறுக்கிறது. அந்த நேரம் பார்த்து, முகமூடிக்காரனைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், சட்டத்தைக் காக்க இவனுக்கு அதிகாரம் தந்தது யார் என்று ஜேமிசன் பத்திரிகையில் எழுதுகிறார். பையனின் பிழைப்பு போகிறது. அடுத்து, ஜேமிசனின் மகனும் விண்வெளி வீரனுமான ஜான் சென்ற விண்கலத்தில் ஒரு கருவி கழன்று விழ, ஸ்பைடர்மேன் விமானத்தின் மேல் தொற்றிச் சென்று மாற்றுக் கருவியைப் பொருத்தி அவனைக் காப்பாற்றுகிறான். மறுநாள் பியூகிளில் நன்றி வரவில்லை. விளம்பரத்துக்காக ஸ்பைடர்மேனே செய்த சதி அது என்ற குற்றச்சாட்டுத்தான் வந்தது.

ஏன் இப்படி என்பதற்கு 1964-இல், பத்தாம் இதழின் முடிவில், ஜேமிசனே விடை சொல்கிறார். அறையில் தனியாக இருக்கும்போது, தான் பணம் சேர்ப்பதிலேயே வாழ்க்கையைக் கழித்தவன் என்றும், தன்னலம் பாராமல் உயிரைப் பணயம் வைக்கும் ஒருவன் எதிரே இருக்கும்வரை தான் சிறியவனாகவே தெரிவோம் என்றும் ஒப்புக்கொள்கிறார். பொறாமைதான். அந்தப் பொறாமை தலையங்கத்தோடு நிற்கவில்லை. ஸ்பைடர்மேனை அடக்குவதற்காக அவர் பணம் கொடுத்து உருவாக்கிய 'ஸ்கார்ப்பியன்' என்ற ஆள், பிறகு அவரையே கொல்ல வருகிறான்.

இருந்தாலும் ஜேமிசனை வெறும் கோமாளியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு ஆளைப் பிடித்துக் கட்டிப்போடுகிறவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற அவருடைய கேள்வியில் பிழையே இல்லை. நோக்கம் கெட்டது, முறை கெட்டது, கேள்வி மட்டும் நியாயமானது. அறுபது ஆண்டுகளாக அந்தப் பாத்திரம் சலிக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. 1954-இல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகள், போலீசாரையும் நீதிபதிகளையும் அரசு அதிகாரிகளையும் மதிப்புக் குறையும்படி காட்டக் கூடாது என்று தடுத்தன. பத்திரிகை முதலாளி அந்த வரியில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. நாயகனைத் துரத்தும் அதிகாரத்தின் முகமாக ஒரு பத்திரிகைக்காரர் அமைந்ததற்கு அதுவும் ஒரு வசதியாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆர். கே., நாகர்கோவில்: தன்னைத் தானே படமெடுத்து அதே பியூகிளுக்கு விற்கும் பீட்டர் பார்க்கர் செய்வது பத்திரிகை தர்மமா?

இல்லை. இரண்டாம் இதழில் வல்ச்சர் என்ற பறக்கும் திருடனைப் படமெடுத்து விற்றதில் தொடங்கிய வியாபாரம் அது. செய்தியில் வருகிறவனே செய்தி தருகிறவனாகவும் இருந்துகொண்டு, அதை ஆசிரியரிடம் மறைப்பது எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் வேலையை இழக்கச் செய்யும் காரியம். அத்தையின் வீட்டு வாடகைக்காகச் செய்தான் என்பதால் நாம் பொறுத்துக்கொள்கிறோம். அந்தப் படங்களை வைத்தே ஜேமிசன் அவனைத் திட்டுகிறார் என்பதால், தன் மானத்தைத் தானே விற்றுச் சாப்பிட்டவன் என்றும் சொல்லலாம்.

சாதாரண நிருபராக வேடமிட்டு வாழும் சூப்பர்மேனான கிளார்க் கென்ட் இதைவிட ஒரு படி மேலே போனவர். 1938 ஜூனில் சூப்பர்மேன் அறிமுகமானபோது அவர் வேலை பார்த்த பத்திரிகையின் பெயர் 'டெய்லி ஸ்டார்'. 1940-இல் அது 'டெய்லி பிளானட்' ஆனது. பெயர் மாறிய பிறகும், தான் செய்ததைத் தானே மூன்றாம் மனிதர் போல எழுதும் வழக்கம் மாறவில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் லோயிஸ் லேன் உயிரைக் கொடுத்து அலைந்து திரட்டும் செய்தி இவருக்கு அலையாமலே கிடைத்துவிடுகிறது. லோயிஸுக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதிக்குக் கதைகள் இன்னும் போதிய பரிகாரம் செய்யவில்லை என்பது என் கட்சி.

வி. ஜெ., திருச்சி: ஸ்பைடர்மேன் ஏன் அவதூறு வழக்குப் போடவில்லை?

போட்டார். 2004-இல் வந்த 'ஷீ-ஹல்க்' தொடரின் நான்காம் இதழைப் படியுங்கள். ஷீ-ஹல்க் தொழிலால் வழக்கறிஞர். அவருடைய உதவியோடு ஸ்பைடர்மேன் ஜேமிசன் மீது வழக்குத் தொடுக்கிறார். ஜேமிசனின் பழைய பொய்கள் ஒவ்வொன்றாக நீதிமன்றத்தில் வெளிவருகின்றன. வெற்றி கைக்கெட்டும் வேளையில், அந்தச் செய்திகளுக்குப் படம் தந்த பீட்டர் பார்க்கரும் பிரதிவாதியாகச் சேர்க்கப்படுகிறான். வாதியும் பிரதிவாதியும் ஒருவனே என்பது நீதிமன்றத்தில் அவனுக்கு மட்டும் தெரியும். பதறிப்போய் சமரசத்துக்கு இறங்கிவருகிறான். முடிவில் ஜேமிசனும் பீட்டரும் கோழி வேடம் போட்டுக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதாகிறது. நகைச்சுவைக் கதைதான், ஆனால் முகமூடி போட்டவருக்கு நீதிமன்றக் கதவு முழுதாகத் திறக்காது என்பதை இத்தனை எளிதாகச் சொன்ன வேறு கதை எனக்குத் தெரியாது.

ப. ச., யாழ்ப்பாணம்: 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' குழுவைக் கொண்டாடும் அதே நியூயார்க் மக்கள், எக்ஸ்-மென்களை ஏன் கல்லால் அடிக்கிறார்கள்? இரு சாராருக்கும் சக்தி உண்டு. இரு சாராரும் காப்பாற்றுகிறார்கள். இது கதையின் ஓட்டை இல்லையா?

ஓட்டைதான். ஆனால் பலர் அதைச் சரிசெய்ய முயன்று நல்ல கதைகளை எழுதியிருக்கிறார்கள்.

முதலில், ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவுக்கு முகமூடி இல்லை. பெயர் தெரியும், வீட்டு முகவரி தெரியும், கல்யாணம் எப்போது என்பதும் தெரியும். அவர்களுக்குச் சக்தி வந்தது ஒரு விபத்தால். விபத்து யாருக்கும் நேரும், யாரையும் அது குற்றவாளி ஆக்காது. அப்படியும் 1962 ஜனவரியில் வந்த அவர்களுடைய இரண்டாம் இதழிலேயே, உருமாறும் வேற்றுக்கோளினர் சிலர் அவர்களைப் போல வேடமிட்டு நாசவேலை செய்ய, ஊரே அவர்களுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. உண்மை தெரிந்ததும் அதே இதழுக்குள் கோபம் அடங்கிவிடுகிறது. புகழ் எத்தனை மெல்லிய காகிதம் என்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள்.

1963 செப்டம்பரில் வந்த எக்ஸ்-மென்கள் மியூட்டன்ட்கள், பிறவியிலேயே வேறுபட்டவர்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கலாம், நம் வயிற்றில் பிறந்த பிள்ளையே பன்னிரண்டு வயதில் அப்படி ஆகலாம் என்பதே அச்சத்தின் வேர். எதிரி வெளியிலிருந்து வந்தால் கதவைச் சாத்தலாம். வீட்டுக்குள்ளேயே பிறந்தால் என்ன செய்வது? எட்டாம் இதழில் பீஸ்ட் என்ற இளைஞன் உயரத்தில் சிக்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றிக் கீழே கொண்டுவருகிறான். அவன் ஏறிய விதத்தைப் பார்த்தே மியூட்டன்ட் என்று கண்டுகொண்ட கூட்டம், நன்றி சொல்லாமல் அவன் உடையைக் கிழித்துத் துரத்துகிறது. மனம் வெறுத்து அவன் குழுவைவிட்டே விலகி மல்யுத்தம் செய்யப் போய்விடுகிறான்.

ஊடகத்தின் பங்கைப் பதினான்காம் இதழ் காட்டுகிறது. 1965-இல் வந்த அந்தக் கதையில், பொலிவர் ட்ராஸ்க் என்ற மானிடவியலாளர் மியூட்டன்ட்களால் மனித குலத்துக்கு ஆபத்து என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்கிறார். பத்திரிகைகள் அந்தக் கருத்தை எடுத்து, மனிதர்கள் அடிமைகளாய்க் கிடக்கும் எதிர்காலத்தைப் படமாகவே வரைந்து அச்சிட்டுவிடுகின்றன. ஒருவரின் அனுமானம் மறுநாள் காலையில் ஊரின் பீதி ஆகிவிடுகிறது. எக்ஸ்-மென்களின் ஆசானான பேராசிரியர் சேவியர் தொலைக்காட்சி விவாதத்துக்குப் போய் நிதானமாகப் பேசுகிறார். எதிர்த்தரப்பு அரங்குக்கு இயந்திரக் காவலர்களையே அழைத்து வந்திருக்கிறது. அந்த இயந்திரங்கள் தங்களைப் படைத்த ட்ராஸ்க் மீதே பாய்ந்து, மனிதரை ஆள்வதே மனிதரைக் காக்கும் வழி என்று அறிவிப்பது தனிக்கதை.

1994-இல் வந்த 'மார்வெல்ஸ்' இந்த ஓட்டையை நேருக்கு நேர் பார்க்கிறது. கர்ட் பியூசிக் எழுதி அலெக்ஸ் ராஸ் வரைந்த அந்த நான்கு பகுதிக் கதையின் நாயகன் ஃபில் ஷெல்டன் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர். நல்லவர், படித்தவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். எக்ஸ்-மென்களைச் சூழ்ந்த கும்பலின் நடுவே நிற்கும்போது, அவர் கையும் ஒரு செங்கல்லை எடுக்கிறது, எறிகிறது, அது ஒரு பையன் மேல் படுகிறது. பதிலடி கொடுக்கத் துடித்தவர்களை அவர்களுடைய தலைவன் தடுத்து அழைத்துப் போகிறான். பிறகு, தம் மகள்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்துச் சோறு போட்டுவரும் ஒரு மியூட்டன்ட் சிறுமியை அவர் கண்டுபிடிக்கிறார். அதே காலத்தில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் கல்யாணத்துக்கு ஊரே திரண்டு நிற்கிறது. ஒரே மனிதர் ஒரு கையால் பூவையும் மறு கையால் கல்லையும் ஏந்த முடியும் என்று ஆசிரியர் ஏற்றுக்கொண்ட பிறகு, நீங்கள் கேட்ட முரண்பாடு கதையின் பிழையாகத் தோன்றாமல் மனிதரின் பிழையாகத் தோன்றத் தொடங்குகிறது.

த. ந., கோயம்புத்தூர்: டிசி உலகில் மட்டும் மக்கள் நாயகர்களுக்குச் சிலை வைத்துக் கொண்டாடுகிறார்களே?

பொதுவாக உண்மை, ஆனால் அங்கும் விதிவிலக்குகள் உண்டு. நாற்பதுகளின் நாயகர் குழுவான ஜஸ்டிஸ் சொசைட்டி 1951-இல் ஏன் காணாமற்போனது என்ற கேள்விக்கு, 1979-இல் வந்த ஒரு கதை விடை வைத்தது: நாடாளுமன்றக் குழு ஒன்று முகமூடியைக் கழற்றச் சொன்னது, அவர்கள் மறுத்து ஓய்வுபெற்றார்கள். கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி விசாரித்த காலத்தின் நிழல் அதில் தெளிவாக விழுகிறது. 1986-இல் தொடங்கிய 'லெஜண்ட்ஸ்' கதையில், கோட்ஃப்ரே என்ற தொலைக்காட்சிப் பேச்சாளர் இனிக்க இனிக்கப் பேசியே ஊரை நாயகர்களுக்கு எதிராகத் திருப்புகிறார். நாயகர்கள் செயல்படக் கூடாது என்று அதிபர் ரீகனே தடை விதிக்கிறார்.

இவற்றைவிடக் கூர்மையானது அதே 1986-இல் ஃபிராங்க் மில்லர் எழுதி வரைந்த 'டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்'. ஓய்விலிருந்து திரும்பிவரும் கிழட்டு பேட்மேனைப் பற்றிய கதை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தொலைக்காட்சித் திரை வடிவிலான சிறு கட்டங்கள் குறுக்கிடுகின்றன. செய்தி வாசிப்பவர் ஒரு கட்டத்தில், மனநல மருத்துவர் ஒரு கட்டத்தில், தெருவில் போகும் மனிதர் ஒரு கட்டத்தில். குற்றவாளிகளைப் பேட்மேனே உண்டாக்குகிறார் என்று அந்த மருத்துவர் அடித்துப் பேசுகிறார். குணமாகிவிட்டான் என்று அவர் சான்றிதழ் தந்து தொலைக்காட்சிக்கு அழைத்து வரும் ஜோக்கர், அரங்கில் இருந்த அத்தனை பேரையும் கொன்றுவிடுகிறான், மருத்துவர் உட்பட. இங்கே மில்லர் தராசை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறார் என்பேன். பேட்மேனைக் கேள்வி கேட்கிறவர்கள் எல்லோரும் அசடுகளாகவே அமைந்துவிட்டால் கேள்விக்கு மதிப்பில்லாமல் போகிறது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கருத்துச் சொல்லும், ஒருவரும் மற்றவரைக் கேட்காத அந்தச் சத்தத்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் பிடித்துவிட்டார்.

மு. இ., சிவகாசி: இரும்புக்கை மாயாவி படித்த காலத்தில் எங்களுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லையே!

வராததற்குக் காரணம் உண்டு. உங்கள் ஊரிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த மாயாவி, அடிப்படையில் ஒரு பிரிட்டிஷ் பாத்திரம். மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடல் மறைந்துவிடும் அவர், ரகசிய உளவு அமைப்புக்கு வேலை செய்தவர். ஊருக்குத் தெரியாத ஆளைப் பற்றி ஊர் என்ன அபிப்பிராயம் வைத்திருக்க முடியும்?

கே. பா., சென்னை: 'சிவில் வார்' கதையில் பதிவுச் சட்டம் கேட்டது தவறா? எனக்கு அயர்ன்மேன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

உங்களுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. 2006-இல் மார்க் மில்லர் எழுதி ஸ்டீவ் மெக்நிவன் வரைந்த அந்தக் கதையின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். நியூ வாரியர்ஸ் என்ற இளம் நாயகர் குழு, தங்களைப் பற்றிய தொலைக்காட்சி ரியாலிட்டி நிகழ்ச்சிக்காகப் படப்பிடிப்புக் குழுவோடு திரிகிறது. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் ஒரு வீட்டில், தங்கள் தகுதிக்கு மீறிய வில்லன்கள் பதுங்கியிருப்பது தெரிந்தும், நிகழ்ச்சிக்கு நல்ல காட்சி கிடைக்கும் என்ற ஆசையில் பாய்கிறார்கள். அந்த வில்லன்களில் ஒருவனான, தன்னையே வெடிக்கச் செய்யும் சக்தி கொண்ட நைட்ரோ என்பவன் பள்ளிக்கூடத்துக்கு அருகில் வெடிக்கிறான். 600-க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். இறுதி வழிபாட்டில் மகனை இழந்த தாய் ஒருத்தி, இப்படிப்பட்டவர்களுக்குப் பணமும் தைரியமும் தந்தவர் நீங்கள்தான் என்று அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கைக் குற்றம் சாட்டி முகத்தில் துப்புகிறாள். அந்தத் தாயிடம் போய்ச் சுதந்திரம் பற்றி உரை நிகழ்த்த என்னால் முடியாது.

சட்டம் கேட்டதும் விபரீதமானது அல்ல: பெயரைப் பதிவு செய், பயிற்சி எடு, போலீஸ்காரரைப் போலச் சம்பளம் வாங்கு. துப்பாக்கிக்கு உரிமம் கேட்கும் எந்தச் சமூகமும் இதைக் கேட்கும். சட்டம் அசிங்கமாவது அதை அமல்படுத்தும்போதுதான். மறுத்தவர்களைப் பிடித்து, விசாரணை இல்லாமல் வேற்றுப் பரிமாணத்தில் கட்டிய சிறையில் அடைக்கிறார்கள். 2001-க்குப் பிந்தைய அமெரிக்காவில் எழுதப்பட்ட கதை என்பதை மறக்காமல் படித்தால், அந்தச் சிறை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். ஆகவே என் பதில்: சட்டத்தின் நோக்கம் சரி, கையாண்டவர்கள் தவறு. ஆசிரியர்கள் பலரும் சட்டத்தை எதிர்த்த கேப்டன் அமெரிக்கா பக்கம் சாய்ந்து, டோனியை வில்லனாகவே ஆக்கிவிட்டதால் விவாதம் கெட்டுப்போனது.

மக்களின் பங்கு என்று பார்த்தால் 2007-இல் வந்த கடைசி இதழே உச்சம். டோனியை அடித்து வீழ்த்தும் கட்டத்தில் இருக்கும் கேப்டன் மேல் சாதாரண மனிதர்கள் சிலர் பாய்ந்து இழுக்கிறார்கள். தீயணைப்பு வீரர்களும் முதலுதவிப் பணியாளர்களும் அவர்களில் உண்டு. அவர்களை உதறித் தள்ள அவருக்கு நொடி போதும். சுற்றிலும் இடிந்து கிடக்கும் தெருவைப் பார்த்துவிட்டு, தானே முகமூடியைக் கழற்றிச் சரணடைகிறார். இத்தனை கதையிலும் பொதுமக்கள் பார்வையாளர் வரிசையை விட்டு எழுந்து வந்து முடிவைத் தீர்மானித்த இடம் அது ஒன்றுதான். அதே நிகழ்வின் துணைத் தொடரில், சாலி ஃபிளாய்ட் என்ற நிருபர் சிறையிலிருக்கும் கேப்டனிடம் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் தெரியுமா, கார்ப் பந்தயம் பார்த்ததுண்டா என்று கேட்டு, நாட்டோடு உங்களுக்குத் தொடர்பு அற்றுவிட்டது என்று குற்றம் சாட்டுவார். கேட்க எத்தனையோ இருக்க, இதையா கேட்பது என்று வாசகர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள். நானும்தான்.

2016-இல் வந்த திரைப்படத்தில் பதிவு போய், 117 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வந்துவிட்டது. திரையில் வரும் அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவில் பெரும்பாலோருக்கு மறைக்க வேண்டிய பெயரே இல்லை. ஆகவே முகமூடியைப் பற்றிய சண்டை, யார் உத்தரவின் பேரில் எந்த நாட்டுக்குள் நுழைவது என்ற சண்டையாக மாறியது. இது இன்னும் கடினமான கேள்வி. லாகோஸ் நகரில் இவர்கள் செய்த தவறுக்கு அந்த ஊர்க்காரர் யாரிடம் முறையிடுவார்? படம் அதைத் தொட்டுவிட்டு, இரண்டு நண்பர்களின் மனத்தாங்கலுக்குப் போய்விடுகிறது.

இ. ரா., புதுச்சேரி: ஒரு மாதம் காப்பாற்றினால் அடுத்த மாதமே மறந்துவிடுகிறார்களே, அந்த ஊர் மக்களுக்கு ஞாபகமறதியா?

மாதாமாதம் புதுக்கதை விற்க வேண்டிய தொழிலின் ஞாபகமறதி அது. 1966-இல் கலாக்டஸ் என்ற கோள் தின்னி வானத்தில் வந்து நின்றபோது நியூயார்க் முழுவதும் நடுங்கியது. அவன் போன பிறகு, எல்லாம் ஏமாற்று வேலை என்று பேச்சு கிளம்பியதை 'மார்வெல்ஸ்' கதையின் மூன்றாம் பகுதி காட்டுகிறது. உயிர் பிழைத்தவனுக்குத் தான் பயந்ததை நினைத்து வெட்கம் வருகிறது, வெட்கம் கோபமாகிறது. மனித இயல்பாக இதை நம்ப முடிகிறது.

நம்ப முடியாதது வேறு. சிவில் வார் கதையில் பீட்டர் பார்க்கர் செய்தியாளர்கள் முன் முகமூடியைக் கழற்றி உலகத்துக்கே தன் பெயரைச் சொன்னார். கதைகளை மேலே கொண்டுபோக அது இடைஞ்சலாக இருக்கவே, சாத்தானை ஒத்த மெஃபிஸ்டோவுடன் ஓர் ஒப்பந்தம் நடந்து, மேரி ஜேனுடனான அவருடைய கல்யாணம் நடக்காததாகிப்போனது. ஊராரின் நினைவிலிருந்தும் அவர் முகம் துடைக்கப்பட்டது. பத்திரிகைத் துறையின் மிகப் பெரிய செய்தியை ஆசிரியர் குழுவே ரப்பர் வைத்து அழித்தது என்று சொல்ல வேண்டும்.

ல. சீ., தஞ்சாவூர்: அந்த உலகங்களில் உங்களுக்குப் பிடித்த நிருபர் யார்?

பென் யூரிக். டெய்லி பியூகிளின் புலனாய்வு நிருபர். 1978-இல் 'டேர்டெவில்' தொடரில் அறிமுகமானவர். ஓயாமல் புகைப்பவர், கண்ணாடி போட்டவர், சக்தி ஏதும் இல்லாதவர். துண்டு துண்டான தகவல்களைக் கோத்து, டேர்டெவில் என்பவர் பார்வையற்ற வழக்கறிஞர் மாட் மர்டாக்கே என்று கண்டுபிடித்துவிடுகிறார். 1980-இல் வந்த 164-ஆம் இதழில், மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் மர்டாக்கிடம் அதைச் சொல்லி உறுதிசெய்துகொண்ட பிறகு, தன் வாழ்நாளின் மிகப் பெரிய கட்டுரையை அவர் கண் முன்னாலேயே எரித்துவிடுகிறார்.

அழகான காட்சி. ஆனால் சரியான காரியமா? 2002-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதிய கதை அந்தக் கேள்வியைத் திரும்ப எழுப்புகிறது. காசுக்கு ஆசைப்பட்ட எஃப்பிஐ அதிகாரி ஒருவர் அதே ரகசியத்தை 'டெய்லி குளோப்' என்ற பரபரப்புப் பத்திரிகைக்கு விற்கிறார். அது முதல் பக்கத்தில் வெளியிடுகிறது. மர்டாக் வீட்டு வாசலில் காமிராக்கள் குவிகின்றன. அவர் நிருபர்கள் முன் நின்று, அது பொய் என்று சாதித்து, பத்திரிகை மீது வழக்கும் தொடுக்கிறார். யோசித்துப் பாருங்கள்: அந்த மஞ்சள் பத்திரிகை அச்சிட்டது உண்மை, நாம் நேசிக்கும் நாயகன் சொல்வது பொய். ஒருவர் இரவில் குற்றவாளிகளை அடித்துப் பிடித்துவிட்டுப் பகலில் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக நிற்கிறார் என்றால், அதை அறியும் உரிமை பொதுமக்களுக்கு இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஜேமிசன் இந்த இடத்தில் கத்துவதில் விஷயம் இருக்கிறது. யூரிக், ஒரு நல்ல மனிதரின் வாழ்க்கையை அழிக்க என்னால் முடியாது என்று அசையாமல் நிற்பதிலும் விஷயம் இருக்கிறது. இருவரில் யார் சரி என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதனால்தான் அவரைப் பிடிக்கிறது.

ஹ. மு., வேலூர்: 'தி பாய்ஸ்' போன்ற தொடர்களில் மக்கள் வில்லனையே கொண்டாடுகிறார்களே?

2006-இல் கார்த் என்னிஸும் டாரிக் ராபர்ட்சனும் காமிக்ஸாகத் தொடங்கி, 2019 முதல் இணையத் தொடராக வந்த அந்தக் கதையில், ஊடகமும் நாயகர்களும் ஒரே முதலாளியின் கையில் இருக்கிறார்கள். கேள்வி கேட்க ஜேமிசன் இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று காட்டுவதாகவே அதை நான் படிக்கிறேன். ரத்தம் கொஞ்சம் அதிகம். வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். இதே விஷயத்தை ஜப்பானியர்கள் கொலையில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். 2011-இல் வந்த 'டைகர் அண்ட் பன்னி' தொடரில் நாயகர்களின் உடையெங்கும் விளம்பரதாரர் முத்திரைகள் இருக்கும். திருடனைப் பிடித்தால் நேரலையில் மதிப்பெண் ஏறும். 2014 முதல் 2024 வரை வந்த 'மை ஹீரோ அகாடமியா' உலகில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்குச் சக்தி உண்டு. உரிமம் பெற்றவரே அதைப் பொது இடத்தில் பயன்படுத்தலாம். நாயகர்களுக்குத் தரவரிசைப் பட்டியல் வரும். முதலிடத்துக்காகவே வாழ்ந்து வீட்டைப் பாழாக்கிய ஒரு தகப்பன் அதில் உண்டு. அவன் குடும்ப ரகசியம் நாடெங்கும் ஒளிபரப்பாகும் கட்டம், நாயகரைப் பற்றி நாம் எதை அறிய வேண்டும் என்பதைப் பற்றிய மிக நல்ல பகுதி.

டி. அ., ஈரோடு: கடைசியாக ஒரு சாதாரணக் கேள்வி. சண்டையில் இடிந்த கட்டடங்களுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

இதையே முழுத் தொடராக 1989-இல் எழுதினார் ட்வெய்ன் மெக்டஃபி. 'டேமேஜ் கன்ட்ரோல்' என்று பெயர். நாயகர் சண்டைக்குப் பிறகு இடிபாடு அள்ளிக் கட்டடம் கட்டித் தரும் ஒப்பந்த நிறுவனம் அது. அதன் பங்குதாரர்களாகத் தொடங்கிய இருவர், டோனி ஸ்டார்க்கும் ஊர் ரவுடிகளின் தலைவன் கிங்பின்னும். உடைப்பவர்களே கட்டித் தரும் நிறுவனத்தையும் வைத்திருக்கிறார்கள் என்ற கிண்டலை யாரும் விளக்கத் தேவையில்லை. பின்னர் சிவில் வார் காலத்துக் கதையொன்றில் அந்தக் கிண்டல் கறுத்துப்போனது: நைட்ரோவின் வெடிக்கும் ஆற்றலைப் பெருக்க மருந்து கொடுத்தவர் அந்த நிறுவனத்தின் தலைவர்தான் என்று தெரியவருகிறது. இடிந்தால்தானே வேலை.

2017-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்தில் இது அரசுத் துறையாகிறது. ஏட்ரியன் டூம்ஸ் என்ற இடிபாடு அள்ளும் ஒப்பந்தக்காரர், மாநகராட்சி தந்த வேலையை நம்பிக் கடன் வாங்கி லாரி வாங்கி, ஆட்களையும் சேர்த்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்டார்க்கும் அரசும் சேர்ந்து அமைத்த புதுத் துறையின் அதிகாரிகள் வந்து, இனி இது எங்கள் வேலை, கிளம்புங்கள் என்கிறார்கள். இழப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதுவரை அள்ளி லாரியில் ஏற்றியிருந்த வேற்றுக்கோள் இரும்பைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்கிறார்; அதைக்கொண்டு ஆயுதம் செய்து விற்கிறார்; இறக்கை கட்டிப் பறக்கும் வல்ச்சர் ஆகிறார். அவர் செய்ததெல்லாம் குற்றம். ஆனால் அந்த முதல் நாள் காலை அவர் கேட்ட ஒப்பந்தப் பணத்துக்கு, படம் முடியும்வரை யாரும் பதில் சொல்லவில்லை.